பதினேழாம் நம்பர் முழங்கால்

எங்கள் பக்கத்துச் சனங்களிடம் "வலிக்குதா?" என்று கேட்டு நேர்ப் பதில் வாங்கிவிடலாம் என்று நினைப்பவருக்கு மூளை மருந்துக்கும் கிடையாது. அப்படி நினைத்த ஒருவர் கோயமுத்தூரில் அதற்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அவினாசி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. உள்ளே நுழைந்தால் பல் கிட்டிப்போகிற மாதிரி ஏசி, கண்ணாடிக் கதவில் ஆளுயரத்துக்கு முழங்கால் மூட்டின் படம். அங்கே நானும் சம்பளம் வாங்கினேன். அதனால் மூளை இல்லாதவர்கள் வரிசையில் என்னையும் நிறுத்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

நான் நர்ஸ். எலும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். ராத்திரி டியூட்டி பார்த்துப் பார்த்து இடுப்பு விட்டுப்போயிருந்த சமயத்தில்தான் இந்தக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். காலையில் ஒன்பதரைக்கு வந்தால் சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பிவிடலாம் என்றார்கள். அதற்கு மேல் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கேளுங்கள். மறுவாரமே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கம்பெனித் தலைவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, வெளிநாட்டில் மிஷின் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். கிராமத்துப் பக்கம் போனால் சனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "ஏனுங்க டாக்டர், பல்லு நோவுக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுங்களேன்" என்று கேட்பார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நாடி பிடிக்கிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "தண்ணி நெறையக் குடிங்கம்மா" என்பார். பல் வலிக்குத் தண்ணீர்! நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அவர் செய்த பட்டையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். முழங்காலைச் சுற்றிக் கட்டுகிற கறுப்புப் பட்டை. மூட்டை மடக்கி நீட்டும்போது உள்ளே வருகிற நெறுநெறுப்பைக் கேட்க அதில் சின்ன மைக் இருக்கும். தோல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்க ஒரு பொட்டு. வேர்வையைத் தொட்டு, உடம்புக்குள் அழற்சி இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்க இன்னொரு பொட்டு. இதற்கெல்லாம் சேர்த்துப் பயோசென்சர் என்று பேர். மூட்டு தேய்வதற்கு முன்னால், வீங்குவதற்கு முன்னால், எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்னால் இது கண்டுபிடித்துவிடும் என்றார் டாக்டர். முதலில் நான் நம்பவில்லை. என் வார்டில் படுத்திருந்த பழைய நோயாளிகள் இரண்டு மூன்று பேருக்குக் கட்டிப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கம்பெனியில் பொய் சொல்லத் தெரியாதது அந்தப் பட்டை ஒன்றுதான்.

பட்டைக்கு முதலில் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். நோவுள்ள மூட்டு இப்படி, நல்ல மூட்டு இப்படி என்று இரண்டு தினுசையும் காட்ட வேண்டும். நோவுள்ள மூட்டுக்கு டவுன் ஆஸ்பத்திரிகளில் பஞ்சமே இல்லை. நல்ல மூட்டுக்கு எங்கே போவது? டாக்டர் மேஜையைத் தட்டிச் சொன்னார்: "சிஸ்டர், கிராமத்துக்குப் போவோம். உழைக்கிற பொம்பளைங்க. களி திங்கறவங்க, குத்தவெச்சு உக்கார்றவங்க. அவங்களுக்கு இந்த மூட்டுவலியெல்லாம் கெடையவே கெடையாது."

கேட்டீர்களா கதையை! குத்தவைத்து உட்கார்ந்தே தேய்ந்துபோன முழங்கால்களை இருபது வருஷம் பார்த்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். கூலிக்காரப் பெண்களுக்கு வலி கிடையாது என்று இந்த மனுஷன் எந்தச் சீமையில் படித்தாரோ தெரியவில்லை. என் அம்மா அடுத்தவர் காட்டில் குனிந்து குனிந்தே நிமிர முடியாமல் செத்தவள். அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. "சரீங்க சார்" என்றேன். எங்கள் ஆட்களுக்கு 'சரீங்க' என்பது தும்மல் மாதிரி, தானாக வந்துவிடும்.

ஊரைத் தேடிக் கொடுக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. நான் பிறந்த ஊர் காங்கேயம் பக்கம். என் தங்கச்சி இன்னும் அங்கேதான் இருக்கிறாள், என்னைவிட எட்டு வயது சின்னவள். நான் படித்து நர்ஸ் ஆனேன். அவள் பத்தாவதோடு நின்று, கல்யாணம் ஆகி, தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எண்ணெய் மில்லுக்குப் போகிற தேங்காய்ப் பருப்பை அங்கேதான் காய வைப்பார்கள். உடைத்த தேங்காயை வெயிலில் பரப்பி, காய்ந்த பிறகு பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து, இரும்புக் கம்பியால் ஓட்டிலிருந்து பருப்பை நெம்பி நெம்பி எடுப்பார்கள். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அதே வேலை. அந்தக் களத்து முதலாளியிடம் பேசி இருபது பேருக்கு அனுமதி வாங்கினேன். அவரும் ஒரு மறுப்புச் சொல்லவில்லை. "வாங்க அம்மணி, நம்மூரு ஆளுக்கு இல்லாததா, தாராளமாச் செய்யுங்க" என்றார்.

ஒரு சங்கதி பாக்கி. சோதனைக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் பாரத்தில், கம்பெனி ஆட்களின் சொந்தக்காரர் யாரையும் சேர்க்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதனால் தங்கச்சியை நான் பட்டியலில் எழுதவில்லை.

போன அன்றைக்கு எங்களுக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, கல்யாண வீட்டில்கூட அப்படி நடக்காது. வண்டியை விட்டு இறங்கியதும் இளநீர். உட்கார்ந்ததும் காபி. மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு வேறு இருக்கிறது, சாப்பிடாமல் போகக் கூடாது என்று முதலாளி உத்தரவு. ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் ஊட்டில் கஷ்டத்தைப் பேசக் கூடாது என்பது எங்கள் பக்கம் தாய்ப்பாலோடு ஊட்டிவிடுகிற பழக்கம். அடுப்பில் பூனை படுத்திருந்தாலும் வந்தவர்களிடம், "எல்லாம் நல்லா இருக்கறமுங்க, நீங்க எப்படி இருக்கறீங்க?" என்றுதான் கேட்போம். அந்தச் சனத்திடம் போய் ஒரு டாக்டர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு மூட்டுவலி இருக்கா?" என்று கேட்கிறார். அதுவும் யார் முன்னால்? நாளைக்கு வேலைக்கு வா என்று சொல்ல வேண்டிய முதலாளி முன்னால். அவர் விருந்தோம்பலில் ஒரு குறையும் வைக்காமல், சேர் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கறனுங்க."

முதல் ஆள் சொன்னதையே இருபதாவது ஆள் வரைக்கும் சொன்னார்கள். வலியின் அளவைக் காட்டப் படம் ஒன்று இருக்கும். சிரிக்கிற மூஞ்சியில் ஆரம்பித்து அழுகிற மூஞ்சியில் முடியும். அதை நீட்டினால் எல்லோரும் சிரிக்கிற மூஞ்சியையே தொட்டார்கள். ஒரு அம்மாள், "இதுதானுங்க லட்சணமா இருக்குது" என்று காரணமும் சொன்னாள். டாக்டர் போன் பேச அக்கட்டால தள்ளிப் போன சமயம் பார்த்து அதே அம்மாள் என் காதருகே வந்து, "அம்மணி, முட்டிக்குத் தேய்க்கற தைலம் ஏதாச்சும் வெச்சிருக்கறயா? ராத்திரியெல்லாம் கடுக்குது" என்றாள். நான் ஏற்கெனவே 'வலி இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன். அதை அழித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆமாம், தாள் அசிங்கமாகிவிடும் என்று!

அடுத்தது சேர் சோதனை. சேரில் நன்றாக உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். முதலாளி முன்னால் எங்கள் பெண்கள் என்றைக்குச் சேரில் உட்கார்ந்தார்கள்? "பரவாயில்லீங்க, நின்னுக்கறனுங்க" என்றார்கள். நான் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தால், சேரின் நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்து, பாதி உடம்பைக் காற்றில் தாங்கி, உடனே எழுந்துகொண்டார்கள். அது மரியாதை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பரவசப்பட்டுப் போனார். "தொடையில என்ன பலம் பாருங்க சிஸ்டர்! டவுன் லேடீஸுக்கு இது வருமா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதற்குத்தானே சம்பளம்.

பதினாறு பேர் முடிந்த பிறகு, அடுத்து வர வேண்டியவள் சாவு வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தது. இருபது பேர் இல்லாவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டும், மறுபடியும் இளநீர், மறுபடியும் இலை. அன்றைக்குக் காபி கொடுக்கும் வேலை என் தங்கச்சிக்கு. களத்து வேலையிலிருந்து எழுப்பி அவளை அதற்கு விட்டிருந்தார்கள். நான் ஒரு நிமிஷம்தான் யோசித்தேன். அவளைக் கூப்பிட்டுப் பதினேழாம் நம்பர் பாரத்தைக் கையில் கொடுத்தேன். சொந்தம் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடக் கூடாதே, அதனால் கூடப் பிறந்தவளைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்க, காலை நீட்டுங்க" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரீங்க மேடம்" என்றாள்.

"வலி இருக்காம்மா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லீங்க சார்."

டிக் அடித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று காலையில் அவள் எனக்குக் காபி கொடுத்தபோது, டம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நீட்டினாள். கொதிக்கக் கொதிக்கக் காபி. விளிம்பைப் பிடித்துத்தான் யாரும் கொடுப்பார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அடடா, பெரிய மனுஷாள் முன்னால் என் தங்கச்சி எவ்வளவு மரியாதையாகக் கொடுக்கிறாள் என்று பெருமைப்பட்டேன். விரல் மடங்காதவர்கள் டம்ளரை எப்படி ஏந்துவார்கள் என்று இருபது வருஷம் வார்டில் பார்த்தவள் நான். புதிதாக வந்த நர்ஸ் பெண்களுக்கு அதைச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். தூ, நானும் ஒரு நர்ஸ்!

அடுத்த வாரம் ஆபீஸில் எல்லோருடைய கோடுகளையும் பெரிய திரையில் போட்டார்கள். பத்தொன்பது கோடும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடின. ஒன்று மட்டும் தனியாக மேலே நின்றது. பதினேழு. இரண்டு முழங்காலும் சூடு, வேர்வைப் பொட்டிலும் அழற்சி ஏகத்துக்கு ஏறியிருந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூட்டுத் தேய்மானம் இப்படி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொதிக்காது. இது வேறே சீக்கு. உடம்பே தன் மூட்டுகளைத் தின்கிற வாதம். ஆரம்பத்திலேயே மாத்திரை கொடுத்தால் அடங்கிப்போகும், விட்டால் கைகால்களை முறுக்கிப் போட்டுவிடும்.

டாக்டர் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "இவங்க வெயில்ல உக்காந்திருப்பாங்க. அதான் சூடு" என்றார். தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரே இடத்தில், ஒரே சேரில்தான் எல்லோரையும் பார்த்தோம். பதினேழாம் நம்பருக்கு மட்டும் தனி வெயில் எங்கிருந்து வந்தது? பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், பதினேழு ஏதாவது கம்ப்ளைன்ட் சொன்னாங்களா?"

"இல்லீங்க சார்."

"உங்களுக்கு ஏதாவது டவுட் இருக்கா?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சார், இது வெயில் இல்லை, இது என் தங்கச்சி, அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், சொந்தக்காரியை எப்படிச் சேர்த்தாய் என்று கேட்பார். சொந்தக்காரர் யாரும் இல்லை என்று பாரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஒன்பதரைக்குப் போய் ஐந்தரைக்குத் திரும்புகிற வேலை போய்விடும்.

"ஒண்ணுமில்லீங்க சார்" என்றேன்.

அவர் ஒரு பட்டனைத் தட்டினார். பதினேழு மறைந்துபோனது. இருபதை நிரப்பச் சேர்த்தவளை எடுத்துவிட்டதால் மீதி பத்தொன்பதுதான். பத்தொன்பதும் போதும் என்றார். அப்புறம் எதற்கு அவளைச் சேர்த்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சரி, ஆபீஸில்தான் சொல்லவில்லை. தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொல்வதற்கு என்ன கேடு? அதைத்தான் நீங்கள் கேட்பீர்கள், நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுவேன். "நல்லா இருக்கியா கண்ணு?" என்பேன். "நல்லா இருக்கறன்கா" என்பாள். அதோடு என் மனசாட்சி காலை நீட்டிப் படுத்துவிடும். நல்லா இருக்கியா என்பது ஒரு கேள்வியா? வாசலில் பார்க்கிற கொத்தமல்லிக்காரியிடமும்தான் அதைக் கேட்கிறோம். ஊர்க் கோயில் நோம்பிக்குப் போகும்போது நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். நோம்பி வந்தது. நான் போகவில்லை. கம்பெனியில் பட்டையை வெளியிடும் விழா வைத்திருந்தார்கள்.

அந்த விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய ஓட்டலில் நடந்தது. "எங்கள் கிராமத்துப் பெண்களின் முழங்கால்தான் எங்கள் அளவுகோல்" என்று டாக்டர் தழுதழுத்துப் பேசினார், கைதட்டல் அடங்கவே இல்லை. ராத்திரியெல்லாம் கடுக்கிற முழங்காலை நல்ல முழங்கால் என்று சொல்லிக் கொடுத்தால் பட்டை என்ன செய்யும், பாவம்? விழாவுக்கு வந்த சீமாட்டிகள் எல்லோருக்கும் கட்டிப் பார்த்தார்கள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறி வந்தவர்களுக்குக்கூடப் பச்சை விளக்கு எரிந்தது. என் காலிலும் கட்டிப் பார்த்தேன். பச்சை. என் முட்டி பண்ணுகிற அக்கிரமம் எனக்குத் தெரியாதா? எல்லோரும் சந்தோஷமாகப் பாதாம் அல்வா சாப்பிட்டார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

களத்துச் சோதனை நடந்து ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போனில், "களத்துக்கு இப்பப் போறதில்லக்கா" என்றாள். என்ன ஆச்சு என்றேன். முதலாளி வேலையை விட்டு நிறுத்தவில்லையாம். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருமா? கம்பி அவள் கையிலிருந்து நழுவி நழுவி விழுவதைப் பார்த்துவிட்டு, "அம்மணி, நீங்க ரெண்டு நாளைக்கு ஊட்ல இருந்து ரெஸ்ட் எடுங்க, நாங்களே சொல்லி அனுப்பறமுங்க" என்றாராம். சொல்லி அனுப்பவே இல்லை. எங்கள் ஊரில் சோற்றில் மண்ணைப் போடுவதற்குக்கூட 'ங்க' போட்டுத்தான் போடுவார்கள்.

அன்றைக்கே சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் போனேன். அவள் கதவைத் திறந்தபோது முகத்தை நான் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். விரல்கள் நாலும் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. கணுக்கள் புடைத்து, கட்டைவிரல் கோணிக்கொண்டு நின்றது. முப்பத்தொன்பது வயதுக்காரியின் கை. "ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன். என்ன தைரியம் பாருங்கள் எனக்கு, கத்துகிறேன்!

"உனக்கு எதுக்குக்கா வெசனம்னு உட்டுட்டேன்" என்றாள்.

கோயமுத்தூரில் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, நான் முன்னே வேலை பார்த்த எலும்பு ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். அங்கிருந்த பெரிய டாக்டர் ஊசி போடுகிற டாக்டர்தான், மரியாதைக்கும் அவருக்கும் ரொம்பத் தூரம். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நேராக என்னைக் கேட்டார்: "இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க சிஸ்டர்? நீங்க இங்க வேலை பார்த்தவங்கதானே?" வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மாத்திரை எழுதினார். மேலே போகாமல் நிறுத்திவிடலாம், முழங்காலைக் காப்பாற்றிவிடலாம், விரல் வளைந்தது வளைந்ததுதான் என்றார். எனக்கு அந்த மனுஷன் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. ஒரு மாமாங்கத்துக்குப் பிறகு நேராகப் பேசுகிற ஒரு வாயைப் பார்த்தேன்.

மாத்திரை வேலை செய்தது. மூன்று மாசத்தில் சூடு அடங்கி, முழங்காலைப் பிடிக்காமல் நடந்தாள். ஆனால் கை அப்படியேதான் இருந்தது. தலை பின்ன முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை. அப்போதுதான் அவள் சொன்னாள்: "அக்கா, என்னை ஆனமலைக்குக் கூட்டிட்டுப் போறயா? மொளகா அரைச்சுப் பூசோணும்."

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் அந்த வழக்கம் உண்டு. நமக்கு ஒருவர் கெடுதல் செய்துவிட்டால், அங்கே மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிட வேண்டும். செய்தவர்களுக்கு அந்த எரிச்சல் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. யாருக்காக அரைக்கப் போகிறாய் என்றேன். களத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தியைச் சொன்னாள். எப்போதோ நடந்த வாய்ச்சண்டையில் அவள் மண்ணை வாரி இறைத்து, "உன் கை வெளங்காமப் போக" என்று சாபம் விட்டாளாம். "அவ வாய்தாங்கா பலிச்சுப்போச்சு" என்றாள் தங்கச்சி. உடம்புச் சீக்குக்கும் சாபத்துக்கும் என்னடி சம்பந்தம் என்று நான் ஏளனமாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு, மறுக்கவும் முடியாமல், உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கோயிலில் நல்ல கூட்டம். மிளகாய் வாங்கிக்கொண்டு அரைக்கிற கல்லின் முன்னால் உட்கார்ந்தோம். தங்கச்சி குழவியைப் பிடித்துப் பார்த்தாள். பிடி நிற்கவில்லை, உருண்டு உருண்டு போனது. இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நீயே அரைச்சுக் குடுக்கா" என்றாள்.

நான் அரைத்தேன். மூக்கிலும் கண்ணிலும் நெடி ஏறியது, தண்ணீராகக் கொட்டியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா நைசா அரைக்கா, அவளுக்கு எரியோணும்" என்றாள். அந்தக் களத்துக்காரியின் முகம் ஞாபகம் வந்தது. தைலம் இருக்கிறதா என்று என் காதில் கேட்ட அதே அம்மாள்தான். ராத்திரி தூங்காமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள். அவளுக்காம் எரிச்சல்! என் கை அதற்கு மேல் ஓடவில்லை.

"கண்ணு, அவளை நெனச்சுப் பூசாதே" என்றேன். "அவ ஒண்ணும் பண்ணல. களத்துல உனக்குப் பட்டை கட்டுனோமே, அதுல அப்பவே தெரிஞ்சுபோச்சு. உன் மூட்டுல சீக்கு இருக்குன்னு அது சொல்லிருச்சு. அடுத்த வாரமே எனக்குத் தெரியும்."

சுற்றி இருந்தவர்கள் அவரவர் மிளகாயை அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பவே மருந்து இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்பத் திங்கறனே, இதே மாத்திரையா?"

"இதே மாத்திரைதான்."

"அப்பறம் ஏங்கா சொல்லல?"

சொன்னேன். பாரத்தில் இருந்த வரியைச் சொன்னேன். கையெழுத்தைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன், ஒன்பதரை ஐந்தரையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருந்தது. மற்றவர்களை எல்லாம் இத்தனை நாள் வாய் கிழியக் கேலி பேசியவள், என் பங்குக்கு வைத்திருந்தது இவ்வளவு அற்பமான சரக்கு. அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"உங்க சார் கேட்டாரு, ஒண்ணுமில்லீங்கன்னேன்" என்றாள். "மொதலாளி உக்காந்திருக்கும்போது வேற என்னத்தக்கா சொல்றது? நீ தனியாக் கூப்புட்டுக் கேட்டிருந்தீன்னா சொல்லியிருப்பேன். காத்தால எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்கறதில்லைன்னு சொல்லியிருப்பேன். சுடுதண்ணியில கையை முக்கி வெச்சுட்டுத்தான் வேலைக்கே போறன்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்ல."

அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அழவும் இல்லை. அரைத்த விழுதைப் பார்த்தாள். குனிந்து, அதை ஒரு இலையில் வழித்து எடுத்துக்கொண்டு எழுந்து, வரிசையில் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் முறை வந்ததும் விழுதைக் கல்லில் வைத்து, கோணிய கையாலேயே நிதானமாக, ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்காமல் பூசினாள். உதடு அசைந்தது.

யாரை நினைத்துப் பூசினாய் என்று நான் கேட்கவில்லை.